இருபரிமாண எலக்ட்ரைடுகளில் ஹைட்ரஜனைச் சேமிக்க முடியுமா? முதுகலைத் திட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் 'சேமிப்பு' என்று தலைப்பு வைக்காதீர்கள். எலக்ட்ரைடு என்றால் எந்த அணுவோடும் ஒட்டாத எலக்ட்ரான் இருக்கும் அயனிப் பொருள்; இருபரிமாண வகையில் அது அடுக்குகளுக்கு நடுவே இருக்கும். இந்தப் பொருள்களுக்குள் ஹைட்ரஜன் சுலபமாகப் போய்விடும்; திரும்ப எடுப்பதுதான் பாடு. என் வேலையும் இதே மாதிரிக் கணக்கீடுகள்தான் என்பதால் சொல்கிறேன்.

2013-இல் ஹிடியோ ஹொசோனோவின் டோக்கியோ குழு எலக்ட்ரைடு என்று காட்டிய டைகால்சியம் நைட்ரைடையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கால்சியத்துக்கும் சேர்த்து +4, நைட்ரஜனுக்கு −3. மிஞ்சும் ஒரு எலக்ட்ரான் எந்த அணுவோடும் ஒட்டாமல், அடுக்குகளுக்கு நடுவே சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் உலவுகிறது. அங்கே வரும் ஹைட்ரஜன் அணு அதைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரைடு அயனி (எதிர்மின் ஹைட்ரஜன்) ஆகிவிடும். டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் காணும் குவாண்டம் முறை) கணக்கில் இது பளிச்சென்று தெரியும்: பெர்மி மட்டத்தை, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலை, வெட்டிச் சென்ற ஆற்றல் பட்டை காணாமல் போய், உலோகமாக இருந்தது உலோகமல்லாததாகிவிடும்.

கணினியைத் தொடுமுன் ஒரு தாளில் எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாய்பாட்டுக்கு ஒரு எலக்ட்ரான், ஆகவே ஒரு ஹைட்ரஜன். வாய்பாட்டு எடை 94-க்கு ஹைட்ரஜன் 1, அதாவது ஏறக்குறைய 1.1%. இட்ரியம் கார்பைடில் இரண்டு எலக்ட்ரான் உண்டே என்பீர்கள். இட்ரியத்தின் கனம் அந்த லாபத்தைத் தின்றுவிடும், அங்கேயும் 1% தான். மக்னீசியம் ஹைட்ரைடு 7.6% பிடிக்கும்! இன்னும் ஹைட்ரஜனைத் திணித்தால் அடுக்கே குலைந்து கால்சியம் இமைடும் கால்சியம் ஹைட்ரைடுமாகப் பிரிந்துவிடும். ஒற்றை அடுக்கில் பெரிய கொள்ளளவு என்று சொல்லும் எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும், இந்தப் பிரிவினையோடு ஒப்பிட்டார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

பிணைப்பு ஆற்றலை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட். மூலக்கூறில் பாதிக்குப் பதிலாகத் தனி அணுவை அளவுகோலாக வைத்தால், அணுவுக்கு 2.25 எலக்ட்ரான் வோல்ட் சும்மாவே கூடிவிடும். இன்னொன்று: அணுக்களை மையமாகக் கொண்ட அடிப்படைச் சார்புகளில் (எலக்ட்ரான் அலையைக் கட்டும் கணிதத் துண்டுகள்) இயங்கும் நிரல் என்றால், அடுக்கிடைவெளியில் பேய் அணுக்களை, அதாவது அணு இல்லாமல் சார்புகள் மட்டும் இருக்கும் புள்ளிகளை, வைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அங்கே உலவும் எலக்ட்ரானை அது சரியாக விவரிக்காது. வாஸ்ப், குவாண்டம் எஸ்பிரஸோ போன்ற தள அலை நிரல்களில் சார்புகள் இடமெங்கும் பரவியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

என்னைக் கேட்டால் சேமிப்பை விட்டு, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் பக்கம் போங்கள். ருத்தேனியம் வினையூக்கியின் மேற்பரப்பை ஹைட்ரஜன் அடைத்துக்கொள்வது பழைய தலைவலி. அடியில் எலக்ட்ரைடு இருந்தால் அந்த ஹைட்ரஜனை உள்ளே வாங்கி, ஹைட்ரைடாக வைத்திருந்து, பிறகு விடும். 2012-இல் கூண்டு அமைப்புள்ள கால்சியம் அலுமினேட்டில் இதே குழு இந்த வழியைத் திறந்தது. பின்னர் டைகால்சியம் நைட்ரைடிலும் செய்தார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஹைட்ரைடு ஓரிடம் விட்டு ஓரிடம் தாவ எவ்வளவு ஆற்றல் தடை, வெற்றிடங்கள் (ஹைட்ரைடு இல்லாமல் காலியாக உள்ள இடங்கள்) இருந்தால் அது எவ்வளவு குறையும்: ஒரு முதுகலைத் திட்டத்துக்கு இந்தக் கேள்வியே போதும்.