அமெரிக்காவில் நடப்பது போல சைபர் பாதுகாப்புக் கோடை முகாம் நடத்த நம்மூர் அரசுப் பள்ளிக்கு மானியம் கிடைக்குமா?

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் இப்படி ஒரு முகாமுக்குக் காசு கட்டாமல் போய் வந்தானாம். கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசுப் பள்ளியில் அதை நடத்த அரசுப் பணம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. போன கோடையில் ஐந்து நாள் முகாம் ஒன்றை நடத்தினேன். பாதி நன்றாக நடந்தது, பாதி சொதப்பியது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தப் பையன் போனது அநேகமாக ஜென்சைபர் முகாமாக இருக்கும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பணம் போட்டு 2014இல் ஆரம்பித்த திட்டம் அது. பணம் மாணவர் கைக்கு நேராக வராது. பல்கலைக்கழகம், கல்லூரி போன்ற ஒரு நிறுவனம் திட்டம் எழுதி விண்ணப்பித்து, மானியம் வாங்கி முகாம் நடத்தும். வருகிற பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. மாணவர்களுக்கு ஒரு முகாம், ஆசிரியர்களுக்கு ஒரு முகாம், இருவரையும் சேர்த்து ஒரு முகாம் என்று வகைகள் உண்டு. பல ஆசிரியர் முகாம்களில் வருகிறவருக்கு உதவித்தொகை கொடுத்து, வகுப்பில் நடத்தப் பாடத்திட்டமும் எழுதி வாங்குகிறார்கள்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இந்த ஆசிரியர் பகுதிதான். முகாமுக்கு வந்த மாணவி இரண்டு வருடத்தில் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். ஆசிரியர் அங்கேயே இருப்பார், பணி மாறுதல் வரும் வரைக்குமாவது.

அந்த அச்சில் வார்த்த மானியம் எதுவும் நான் தேடியவரை இங்கே கைக்கு வரவில்லை. கிடைத்ததெல்லாம் வேறு வடிவம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஐசியா என்ற தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம் 2005 முதல் நடக்கிறது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் ஹைதராபாத் மையம் அதன் விழிப்புணர்வுப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. 2023இல் டிஜிட்டல் இந்தியா திட்டத்தை நீட்டித்தபோது, ஐசியா வழியாக 2.65 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். காமிக்ஸ், சுவரொட்டி, கையேடு எல்லாம் இலவசம், நாங்களும் பயன்படுத்தினோம். ஆனால் அதை வைத்துச் சோறு போட முடியாது. பள்ளிப் பிள்ளைகள் கருவி செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு நிதி ஆயோக் 20 லட்சம் வரை தருகிறது. அது ஆய்வகம் அமைக்கவும் ஐந்தாண்டு நடத்தவும் வரும் பணம். முகாம் என்று பார்த்தால் இஸ்ரோ நடத்தும் யுவிகா என்ற விண்வெளி அறிவியல் முகாம்தான் அமெரிக்க மாதிரிக்குப் பக்கத்தில் வருகிறது. 2019இல் தொடங்கியது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பயணம் தங்கல் எல்லாம் அவர்கள் செலவு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் ஆள் எடுக்கும்போது கூடுதல் மதிப்பெண் வேறு. இதே வடிவத்தில் சைபருக்கும் ஒன்று வந்தால் நான் தலைமை ஆசிரியர் அறை வாசலில் முதல் ஆளாக நிற்பேன்.

இப்போது எங்கள் கதை. 36 பிள்ளைகள், அவர்களில் 21 பேர் பெண்கள். சுற்றுப் பள்ளிகளிலிருந்து எட்டு ஆசிரியர்கள். உதவிக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர். மொத்தச் செலவு 26,500 ரூபாய். அதில் மதியச் சாப்பாடும் டீயும் 14,400. மூன்று வழித்தடத்துக்கு வேன் 9,000. அச்சடித்ததும் சில்லறைச் செலவும் 3,100. முன்னாள் மாணவர்கள் 15,000 கொடுத்தார்கள், ஓசூரில் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து 6,500, மீதி 5,000 ஆசிரியர் அறையில் வசூல். பார்த்தீர்களா, சைபர் பாதுகாப்புக்கு என்று ஒரு ரூபாய்கூட இல்லை. கணினி ஏற்கனவே ஹைடெக் லேபில் இருக்கிறது. பழைய ரவுட்டர் இரண்டை வீட்டிலிருந்து கொண்டு வந்தோம். கோடை விடுமுறையில் சத்துணவு கிடையாது, ஊர்ப்பக்கம் டவுன் பஸ் நேரத்துக்கு வராது. மானியத்துக்கு எழுதுகிற யாரும் முதல் பக்கத்தில் போட வேண்டிய செலவு இந்த இரண்டும்தான். கருவிப் பட்டியலை முதலில் போட்டு எழுதிய இரண்டு திட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ட்ரோன் எல்லாம் இருந்தது. பிள்ளை எப்படி வந்து சேரும் என்று ஒரு வரி இல்லை.

வேனில்தான் நானும் சறுக்கினேன். முதல் நாள் ஐந்து மணிக்கு விட்டு, கடைசி ஊருக்கு வேன் போய்ச் சேரும்போது ஆறே முக்கால். மறுநாள் அந்த ஊரிலிருந்து நான்கு பெண்கள் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் அம்மாவாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அப்புறம் மூன்றரைக்கே முடித்து, வேனுக்கு ஒரு டீச்சர் என்று கூட ஏற்றி அனுப்பினோம். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவேயில்லை.

இன்னொரு சறுக்கல் இதைவிட வெட்கம். பதிவுக்காக எல்லோரையும் ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லியிருந்தேன். பழக்கதோஷம், எந்தப் படிவமானாலும் ஆதார். முதல் நாள் ‘தேவைக்கு மேல் தகவலும் அதிகாரமும் தராதே’ என்ற கொள்கையை விளக்கிக்கொண்டிருக்கிறேன். டார்ச் லைட் ஆப் எதற்கு உங்கள் தொடர்பு எண்களைக் கேட்கிறது என்று கேட்டு, கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், அப்ப குரூப்ல எங்க ஆதாரை எதுக்குக் கேட்டீங்க?” என்றாள். கல்லூரிப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். 44 பேர் போனில் ஏற்கனவே இறங்கியதை என்ன செய்வது? அதையும் வகுப்பிலேயே பேசினோம். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தரவைத் தொடப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது என்பதையும் அன்றைக்கே சொன்னேன். அதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

பாடம் என்ன நடத்தினோம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஜென்சைபரில் ஆறு கருத்துகளை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். ரகசியம் காத்தல், தரவு மாறாமல் காத்தல், தேவையான நேரத்தில் கிடைக்கச் செய்தல், அடுக்கடுக்கான காவல், எளிமை, எதிராளி போல யோசித்தல். இதைக் கணினி மொழியில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடும். எங்கள் பக்கம் மே மாதம் என்றால் மாந்தோப்புதான். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகும். கரும்பலகையில் ஒரு தோப்பை வரைந்தேன்: வேலி, நாய், காவல்காரர், லாரி நிற்கிற கேட். “நீங்கதான் திருடன், எப்படி உள்ளே போவீங்க?” என்றேன். இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு முன் அனுபவம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலியில் எந்த இடம் இற்றுப்போயிருக்கும், நாய்க்கு என்ன போடலாம் என்று ஆரம்பித்தார்கள். ஒரு பையன் மட்டும், “வேலியையே தொட வேணாம் மிஸ். காவக்காரருக்குச் சோறு கொண்டு போற பையன்கிட்ட நல்லாப் பேசினாப் போதும்” என்றான். ஓ.டி.பி. கேட்டு போன் பண்ணுகிறவன் செய்வது அதுதான். பூட்டை உடைப்பதில்லை, ஆளைப் பேசிக் கவிழ்க்கிறான். இன்னொருத்தி, “மாங்காயையே தொட வேணாம். லோடு நோட்டுல 42 க்ரேட்டை 24னு மாத்திட்டா?” என்று கேட்டாள். தரவு மாறாமல் காப்பது ஏன் முக்கியம் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. லாரி வரும் பாதையை இரண்டு நாள் அடைத்தால் காய் பழுத்து அழுகிவிடுமே என்று மூன்றாவது ஆள். இணையதளத்தை முடக்கிப் பணம் கேட்கும் கும்பலுக்கு அங்கிருந்து போனோம்.

இரண்டு விஷயத்தை முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஹேக்கிங் என்ற சொல்லுக்காகவே வரும் பையன்கள் உண்டு. அடுத்தவர் கணினியில் அனுமதி இல்லாமல் நுழைந்து சேதம் செய்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் எல்லாச் சோதனையையும் இணையத்தில் சேராத எங்கள் பழைய ரவுட்டரில்தான் செய்தோம். இன்னொன்று, 1930. இணைய மோசடியில் பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. மூன்றாம் நாள் ஒரு பையன் அப்பாவின் போனைக் கொண்டு வந்தான். பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு), இறக்கியிருக்கிறார், நிறுவவில்லை. அழித்துவிட்டு, ஏன் என்று அவனையே வீட்டில் சொல்லச் சொன்னேன்.

ஆசிரியர்கள் எட்டு பேரில் ஐந்து பேர் முழுசாக இருந்தார்கள். விடுமுறையில் வந்ததற்கு ஈடுசெய் விடுப்பு உண்டா என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. எழுத்தில் உத்தரவு இல்லாததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் நடத்துவதாக இருந்தால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அந்தத் தாளை முதலில் வாங்குங்கள். பணம் பிறகுகூட வரும். ஐந்து பேரில் ஒருவர் தமிழாசிரியர், கணினியைத் தொடவே தயங்கியவர். அவர்தான் இப்போது தன் பள்ளியில் வாரம் ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மோசடிச் செய்தியை எடுத்துப் பிள்ளைகளோடு அலசுகிறார்.

பணத்துக்கு நான் பார்த்த வழி இரண்டு. தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் மூலமாக முன்னாள் மாணவரும் நிறுவனமும் ஒரு குறிப்பிட்ட அரசுப் பள்ளிக்குத் தர முடியும். அடுத்தது சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிச் சட்டம் 2013, 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓசூரில் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஒரு பக்கக் கணக்கோடு போய்ப் பாருங்கள்.

இந்த வருடமும் மே முதல் வாரம் நடத்துகிறோம். மாங்காய் அறுவடை மும்முரமாகிவிட்டால் பாதிப் பேர் தோப்புக்குப் போய்விடுவார்கள். நேரம் ஒன்பதரை முதல் மூன்றரை வரை. பதிவுப் படிவத்தில் பெயர், வகுப்பு, வேன் ஏறும் இடம், பெற்றோர் கையெழுத்து, அவ்வளவுதான். அதையும் காகிதத்தில்தான் வாங்குகிறோம்.