மகன் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கக் காணியை விற்கலாமா?

கேள்வி: நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். கணவர் சீனக்குடாவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், கைக்கு 95,000 ரூபாய் வருகிறது. நான் முகாமைத்துவ உதவியாளர், பிடித்தம் போக 62,000. மாதம் 35,000 மிச்சம் பிடிக்கிறோம். ஒரு நிதிக் கம்பனியில் என் பெயரில் 18 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. 9 வீத வட்டி, நவம்பரில் முதிர்கிறது. அது மகளுக்கென்று சேர்த்தது. அவள் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். 12 பவுண் நகையும் கன்னியாவில் 20 பேர்ச் காணியும் உண்டு.

மகன் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். பாடசாலை உதைபந்தாட்ட அணியில் விளையாடியவன். முழங்கால் காயத்தோடு ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகு விளையாட்டு விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று நிற்கிறான். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருட வெளிநாட்டுப் பட்டத்துக்கு 28 இலட்சம் கேட்கிறது. ஒரு முகவர், அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பலாம், வங்கியில் காட்ட வேண்டிய காசைத் தானே ஒழுங்கு செய்கிறேன் என்கிறார். மைத்துனர், கணவரின் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கச் சொல்கிறார். காணியை விற்கலாமா? இந்தப் படிப்பைப் படித்தவன் இங்கே உழைத்துச் சாப்பிட முடியுமா?
உப்புவெளி வாசகி

பதில்: காணியை விற்க வேண்டாம், சகோதரி. நகையையும் அடகு வைக்க வேண்டாம். மகன் இதைப் படிக்கட்டும். முதல் பட்டத்தை உங்கள் மாதச் சேமிப்பைத் தாண்டாத செலவில் இங்கேயே முடிக்கட்டும். பெரிய காசு தேவைப்படுவது அதற்குப் பிறகு வரும் படிக்குத்தான். அந்த நேரம் எந்தத் துறைக்குள் போவது என்பது அவருக்கே தெளிவாகியிருக்கும், கையில் கொஞ்சம் உழைப்பும் இருக்கும்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கணக்கெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு தொழிலில் காசு இருக்கிறதா என்று பார்க்க, சம்பளம் கொடுக்கப்போவது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டு விஞ்ஞானி வீரர்களின் உடலை அளக்கிறவர். எவ்வளவு ஒட்சிசனை உள்ளெடுக்கிறார்கள், எவ்வளவு உயரம் பாய்கிறார்கள், ஒரு வாரத்தில் எவ்வளவு ஓடினால் காயம் வரும் என்று கணக்கெடுத்துப் பயிற்றுவிப்பாளருக்குச் சொல்வது அவர் வேலை. இதற்குச் சம்பளம் கொடுக்க ஓர் அணியிடமோ அரசாங்கத்திடமோ காசு இருக்க வேண்டும். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பிய அவுஸ்திரேலியா, 1981 இல் கன்பராவில் தேசிய விளையாட்டு நிறுவகத்தைத் திறந்து அதில் பணத்தைக் கொட்டியது. அங்கே இது ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு அது பெரிய காரணம். நமக்கு ஒலிம்பிக் வரலாற்றில் இரண்டே பதக்கங்கள், 1948 இலும் 2000 இலும். 2022 இல் 100 மீற்றரை 9.96 வினாடியில் ஓடிய யுபுன் அபேகோன் பயிற்சி எடுத்தது இத்தாலியில்.

இலங்கையில் இந்தப் பட்டத்தோடு வேலை தேடும் இடங்கள் கிரிக்கெட் நிறுவனம், முப்படைகளின் விளையாட்டுப் பிரிவுகள், விளையாட்டுத்துறை அமைச்சின் நிறுவனங்கள், பல்கலைக்கழக உடற்கல்விப் பிரிவுகள், கொழும்பின் றக்பி கழகங்கள், சர்வதேசப் பாடசாலைகள், பெரிய ஜிம்கள். இவற்றுள் விஞ்ஞானி என்ற பெயரோடு உள்ள நாற்காலிகள் குறைவு. உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு உத்தியோகத்தர், உடற்தகுதிப் பயிற்றுநர் என்ற நாற்காலிகள் அதிகம். ஆகவே வீட்டுக் கணக்கைப் போடும்போது, படிப்பு முடிந்து முதல் சில வருடங்கள் ஒரு பட்டதாரி ஆசிரியரின் சம்பளம்தான் வரும் என்று வைத்துப் போடுங்கள். அதைவிடக் கூட வந்தால் நல்லது. 28 இலட்சம் கடனை அந்தச் சம்பளம் தாங்காது.

தாங்காது என்று சும்மா சொல்லவில்லை. ஆண்டுக்கு 14 வீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 28 இலட்சத்துக்கு மாதக் கட்டுப்பணம் சுமார் 65,000 ரூபாய். முடிவில் 39 இலட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், அதாவது 11 இலட்சம் வட்டி. உங்கள் முழுச் சம்பளத்தையும் வங்கிக்குக் கொடுத்தாலும் இன்னும் 3,000 தேட வேண்டும். அத்தோடு மகனின் கொழும்புச் சாப்பாடு, அறை வாடகை.

இப்போது அரச பல்கலைக்கழக வழியைப் பாருங்கள். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. படிப்புக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பயணம், புத்தகம் எல்லாவற்றுக்கும் மாதம் 30,000 ஒதுக்குங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கிற 35,000 க்குள் அது அடங்குகிறது. நான்கு வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம் ஆகும். ஆனால் அது மொத்தமாக இல்லாமல் மாதம் மாதமாகப் போகிறது, ஒரு சதம் வட்டியும் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயாக உயர்ந்தது. அது குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் பார்த்துத் தருவது. இருவர் சம்பளம் எடுக்கிற வீடு அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கிடைத்தால் மகன் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள்.

பெறுபேறு வந்தவுடன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டை நீங்களும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். ரியூஷன் ஆசிரியரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ சொன்னதை வைத்து விருப்பத் தெரிவுகளை நிரப்ப வேண்டாம். விளையாட்டு சார்ந்த படிப்புகளுக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சை, செயன்முறைப் பரீட்சை, விளையாட்டுச் சான்றிதழ் போன்றவை கேட்கப்படலாம். அந்த அறிவித்தல்களின் திகதி தவறிப் போனால் ஒரு வருடம் போய்விடும். மகனின் பாடசாலை அணிச் சான்றிதழ்கள், மாவட்ட, மாகாண மட்டச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். அதிபரின் கையெழுத்து வேண்டியவற்றை இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

ஒரு விடயத்தில் மகன் என்னோடு கோபிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். அவர் உயிரியல் பிரிவு. கொழும்பு அல்லது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பிசியோதெரபிக்கு இசட் புள்ளி போதுமானதாக வந்தால், அதை விளையாட்டு விஞ்ஞானத்துக்கு மேலே போடச் சொல்வேன். பிசியோதெரபிஸ்ட் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்யலாம், தனியாகவும் செய்யலாம், அணியோடும் போகலாம். முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்ட பிள்ளைக்கு அந்தப் படிப்பின் பெறுமதி நன்றாகத் தெரியும். பட்டம் முடித்து விளையாட்டுத் துறைக்குள் வருவதற்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. விளையாட்டு விஞ்ஞானத்தை முடித்தவர் பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இரண்டும் கிடைக்காவிட்டால்? அப்போது தனியார் நிறுவனத்தைப் பற்றிப் பேசலாம், ஆனால் இரண்டு நிபந்தனையோடு. முதலாவது, பட்டம் வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று நீங்களே ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் சொல்வது போதாது. ஏற்கப்படாத பட்டத்தை வைத்து நாளைக்கு அரச நியமனத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டாவது, அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்துக்குள் வரும் பாடநெறியா என்று பாருங்கள். உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கென்றே வந்த திட்டம் அது. அதற்குள் வராத பாடநெறிக்கு 28 இலட்சம் கட்ட நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

அவுஸ்திரேலியா முகவரின் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து மாணவர் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும். ஒரு டொலர் 200 ரூபாய் என்று வைத்தால் 59 இலட்சத்துக்கு மேல். படிப்புக் கட்டணமும் விமானச் செலவும் அதற்கு மேலே. விசா விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 டொலர், விசா மறுக்கப்பட்டாலும் அந்த நான்கு இலட்சம் திரும்பி வராது. படிக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதில் கட்டணத்தையும் கட்டி வீட்டுக்கும் அனுப்புவார் என்பது நடக்காத காரியம். காட்ட வேண்டிய காசை ஒழுங்கு செய்கிறேன் என்றால், வேறு யாரோ ஒருவரின் காசைச் சில வாரத்துக்கு உங்கள் கணக்கில் போட்டு அதற்கு உங்களிடம் வட்டி வாங்குவது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பொய்யென்று பிடிபட்டால் விசா மறுக்கப்படுவதோடு, அடுத்த விண்ணப்பங்களிலும் அது மகனின் பெயரில் நிற்கும். 19 வயதுப் பிள்ளையின் பெயரில் அந்தக் கறை வேண்டாம். அந்த முகவரிடம் கடவுச்சீட்டையோ காணி உறுதியையோ கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள்.

வெளிநாடு போவதே பிழை என்று நான் சொல்லவில்லை. முதுமாணிப் படிப்புக்குப் போகட்டும். அதற்கான புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. இந்திய அரசு இலங்கையருக்குத் தரும் மௌலானா அசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கானது. கட்டணம், மாதப்படி, தங்குமிடத்துக்கான தொகை எல்லாம் அதில் வரும். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சொந்தக் காசில் போனாலும் அவுஸ்திரேலியாவோடு பார்க்கையில் செலவு மிகக் குறைவு. வலிமைப் பயிற்சித் துறையில் உலகம் முழுக்க மதிக்கப்படும் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழுக்கும் முதலில் ஒரு பட்டம் கையில் வேண்டும்.

மைத்துனர் சொன்ன சேமலாப நிதி இதற்கு உதவாது. வேலையில் இருக்கும்போதே 30 வீதம் எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது, பிள்ளையின் படிப்புக்கு இல்லை. வீடு திருத்துவதாகக் காகிதம் காட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓய்வூதியம் இல்லாத தொழிற்சாலை ஊழியருக்கு வயதான காலத்தில் இருக்கும் ஒரே பிடிமானம் அது. நகை அடகு சில மாத நெருக்கடிக்கு உதவும். நான்கு வருடப் படிப்புக்கு அடகு வைத்தால் வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் நகை ஏலத்துக்குப் போகும்.

மகளின் 18 இலட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்தில் அதை விலக்கி வைக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. நான் விலக்கி வைக்கிறேன். அண்ணனின் படிப்புக்குத் தங்கையின் காசை எடுத்துவிட்டு, அவள் உயர்தரம் முடிக்கும்போது கை வெறுமையாக நிற்கிற வீடுகளை நமது ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன். அவளும் நாளைக்கு ஏதோ ஒன்றைப் படிக்க ஆசைப்படுவாள்.

பெறுபேறு வரும்வரை மகன் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தத் தொழில் தனக்குப் பிடிக்குமா என்று காசில்லாமலே பார்த்துவிடலாம். 20 மீற்றர் ஓட்டப் பரிசோதனையைப் பயிற்றுவிப்பாளர்கள் பீப் டெஸ்ட் என்பார்கள். 20 மீற்றர் தள்ளி வைத்த இரண்டு கூம்புக்கு நடுவே, பீப் ஒலிக்கு ஏற்ப முடியாமல் போகும்வரை மாறி மாறி ஓடுவது அது. மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் வேகம் மணிக்கு அரைக் கிலோமீற்றரால் கூடும். தேவை இரண்டு கூம்பு, ஒரு தொலைபேசி, ஒரு கொப்பி. மக்கெய்சர் மைதானத்தில் பயிற்சி எடுக்கும் ஒரு கழகத்திடம் கேட்டு, அதே வீரர்களை மாதம் ஒரு தடவை அளந்து எக்செலில் பதியட்டும். தொலைபேசியில் எடுத்த வீடியோவைக் கினோவியா என்ற இலவச மென்பொருளில் போட்டால் ஓடும்போது முழங்காலின் கோணத்தை அளக்கலாம். மூன்று மாதம் இதைச் சலிக்காமல் செய்தால் ஆசை உண்மையானது. சலித்துவிட்டால், 28 இலட்சம் செலவழிக்காமல் அதை அறிந்துகொண்டீர்கள். இன்னொன்று, சிங்களம். இந்த நாட்டில் தேசிய அணிகளோடு வேலை செய்ய அது இல்லாமல் முடியாது. பட்டப்படிப்புக்கு ஆங்கிலமும் வேண்டும். இரண்டுக்கும் வகுப்புக் காசு கொடுக்க யோசிக்காதீர்கள், உங்கள் மாதச் சேமிப்பில் இப்போது இடம் இருக்கிறது.

கடைசியாக, நவம்பரில் முதிரும் வைப்பு. கம்பனி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். உங்கள் 18 இலட்சமும் ஒரே நிதிக் கம்பனியில் ஒரே பெயரில் இருப்பதால் 7 இலட்சம் வெளியே நிற்கிறது. இடையில் உடைக்க வேண்டாம், வட்டி வெட்டுவார்கள். முதிர்வுத் திகதிக்கு இரண்டு வாரம் முன்பு போய், தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். 9 இலட்சத்தை அங்கேயே வையுங்கள், மற்ற 9 இலட்சத்தை ஒரு வங்கிக்கு மாற்றுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். உங்கள் 1,62,000 ரூபாய் வட்டியில் அது 16,200. சம்பளமும் வட்டியும் சேர்ந்து உங்கள் ஆண்டு வருமானம் வரிவிலக்கு எல்லையான 18 இலட்சத்தைத் தாண்டாததால், இரண்டு இடத்திலும் சுய பிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அந்த வரியைக் கழிக்க மாட்டார்கள். படிவம் கிளையிலேயே கிடைக்கும். அடையாள அட்டையையும் வரி இலக்கத்தையும் கொண்டு போங்கள்.