‘கவர்ன்மென்ட் பணம் வரலை, நீங்க கட்டுங்க’ என்று பள்ளி சொன்னால்?

கேள்வி: என் மகன் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்ட) சீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்து, இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். அரசுப் பணம் வரவில்லை, 22,000 ரூபாய் கட்டுங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். 8,000 கொடுத்தால் இதே சீட்டைப் பக்கத்து கான்வென்டுக்கு மாற்றித் தருவதாக ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, திருப்பூர்

கொடுக்காதீர்கள். பள்ளிக்கும் சரி, அந்தக் கடைக்காரருக்கும் சரி.

உங்கள் மகனின் ஃபீஸ் அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலான பாக்கி, நடுவில் நீங்கள் வரவே மாட்டீர்கள். 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடத்தில் சேர்கிற பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை இலவசம். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் தொகை, இந்தப் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைப் பள்ளிக்குத் திருப்பித் தரும். தரும் என்றால், எப்போதாவது தரும். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேர மறுத்த தகராறில், ஆர்.டி.இ. பணமும் அடங்கிய சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வி நிதியை மத்திய அரசு நிறுத்தியது, மாநில அரசு கையை விரித்தது, கோடையில் முடிய வேண்டிய 2025-ம் வருடச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. டெல்லியும் சென்னையும் சண்டை போட்டால் திருப்பூரில் ஆறு வயசுப் பையனை ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? இந்தப் பணத்தில் அரசுப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டலாமே என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான், ஆனால் அது உங்கள் பையன் தலையில் தீர்க்க வேண்டிய வழக்கு இல்லை.

டி.சி. மிரட்டலுக்கு பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. நீங்களாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், பலர் ஏமாறுவது அங்கேதான். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று நீட்டும் தாளில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று ஒரு வரி இருக்கும்.

அப்புறம் அந்தக் கடைக்காரர். ஆர்.டி.இ. சீட் பஸ் டிக்கெட் இல்லை, அடுத்த பஸ்ஸில் காட்டி ஏற முடியாது. நுழைவு வகுப்பில், அந்தப் பள்ளியில், அவ்வளவுதான். அவர் சொல்லும் கான்வென்ட் சிறுபான்மைப் பள்ளியாக இருந்தால் அங்கே இந்த இட ஒதுக்கீடே கிடையாது, 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் குழம்புவது இதில்தான். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மதர், செயின்ட் என்று போர்டு மாட்டிய பல பள்ளிகள் சாதாரண டிரஸ்ட் நடத்துபவை, அங்கே 25 சதவீதம் உண்டு. சாமி பெயர் வைத்த பள்ளி மொழிச் சிறுபான்மை அந்தஸ்து வாங்கியிருக்கலாம், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் நடத்துபவை அப்படி இருக்கின்றன, அங்கே கிடையாது. கேட்க வேண்டியது ‘சிறுபான்மை அந்தஸ்துச் சான்று இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வி. அதை அந்தக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கில் தெரிந்துவிடும்.

விண்ணப்பத்துக்கே கட்டணம் கிடையாது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஆனாலும் ஆண்டு வருமானத்தை ஆர்.டி.இ. வரம்பான 2 லட்சத்துக்குள் ‘அட்ஜஸ்ட்’ செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கறக்கும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாட்டினால் போவது உங்கள் பிள்ளையின் சீட், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

இனி செய்ய வேண்டியது. 22,000 எதற்கு என்று இனம் பிரித்து, பள்ளி முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். பாதிப் பள்ளிகள் இங்கேயே இறங்கி வந்துவிடும். ‘ஆக்டிவிட்டி ஃபீஸ்’ என்று துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள், தாளாளரின் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணாதீர்கள். பிறகு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு மனு, அதன் நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் இன்னொன்று. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் போன் போடலாம், ஆனால் மனு கொடுத்த ரசீதுதான் பிற்பாடு உதவும்.

புத்தகம், சீருடைக்கும் காசு கேட்பார்கள். விதிப்படி அதுவும் இலவசம், 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் செலவும் அரசுடையது என்றது. நடைமுறையில் பெற்றோர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் கட்டினால் பில் இல்லாமல் கட்டாதீர்கள். வேனில் அனுப்பினால் வேன் கட்டணம் மட்டும் உங்களுடையது.