இளங்காட்டைத் தேடும் குருவி

கேள்வி: கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் என்று படித்தேன். கடல் தாண்டிப் பறக்கும் பறவை, கூடு கட்ட வேறு இடம் தேடாதது ஏன்?

பதில்: ‘மட்டுமே’ என்பதைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். 2007 முதல் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் இதன் கூடுகள் காணப்பட்டுள்ளன. ஆனாலும் பெரும்பகுதி இன்றும் வட மிச்சிகனில்தான். இதன் முதல் கூடு 1903இல் கண்டறியப்பட்டதும் அங்கேதான்.

இந்தக் குருவிக்குத் தேவை ஜாக் பைன் மரக்காடு. அதுவும் மரங்களுக்கு ஏறக்குறைய 5 முதல் 20 வயதுக்குள் இருக்க வேண்டும். இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. இளமரத்தின் அடிக்கிளைகள் தரையைத் தொட்டுக் கவிந்திருக்கும் இடத்தில், புல்லுக்குள் மறைவாகக் கிண்ணம்போல் அமைக்கிறது. மழைநீர் தேங்காமல் உடனே வடிந்துவிடும் மணல்தரை என்பதால் கூடு நனைந்து அழிவதில்லை. மரம் உயர்ந்து நிழல் அடர்ந்ததும் அடிக்கிளைகள் காய்ந்துபோக, குருவி அந்தக் காட்டைக் கைவிட்டு வேறோர் இளங்காட்டுக்குப் போய்விடுகிறது. ஆகவே இதன் எல்லை வரைபடத்தில் நிலையாக நிற்பதில்லை, மரங்களின் வயதோடு இடம் மாறுகிறது என்பதே என் கருத்து.

ஜாக் பைனின் காய்கள் பெரும்பாலும் தீயின் வெப்பத்தில்தான் விரிந்து விதை உதிர்க்கும். காட்டுத்தீயை உடனுக்குடன் அணைக்கும் வழக்கம் வந்ததும் இளங்காடுகள் குறைந்தன. போதாக்குறைக்கு, காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலைப்போல, கௌபேர்ட் என்னும் பறவை இதன் கூட்டில் முட்டையிட்டு, குருவிக்குஞ்சுகளின் இரையைத் தன் குஞ்சுகளுக்கு உரியதாக்கிக்கொண்டது. 1972இல் கௌபேர்டுகளைப் பொறிவைத்துப் பிடிக்கத் தொடங்கியதால் வீழ்ச்சி நின்றதே தவிர, எண்ணிக்கை ஏறவில்லை. 1974இலும் 1987இலும் பாடும் ஆண் குருவிகளாகக் கணக்கெடுக்கப்பட்டவை வெறும் 167.

திருப்பம் வந்த விதம் விசித்திரமானது. 1980 மே மாதம் மிச்சிகனின் மேக் ஏரிப் பகுதியில் இந்தக் குருவிக்காகவே வனத்துறையினர் மூட்டிய தீ காற்றில் கட்டுமீறி, ஏறத்தாழ 24,000 ஏக்கரை எரித்து, தீயணைப்புப் பணியாளர் ஒருவரின் உயிரையும் குடித்தது. சில ஆண்டுகளில் அங்கே முளைத்த இளங்காட்டில்தான் குருவிகள் பெருகின. இப்போது முற்றிய மரங்களை வெட்டிப் புதிதாக நட்டு வருகிறார்கள். 2019இல் இப்பறவை அமெரிக்காவின் அழிவபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கேள்வி: குளிர்காலத்திலும் இதே பிடிவாதம்தானா?

பதில்: பைன் மரம் வேண்டியதில்லை. பஹாமாஸ் தீவுகளின் தாழ்ந்த புதர்க்காடுகளில், நம் உண்ணிச்செடியின் உறவான ஒரு புதரின் கனிகளையும் பூச்சிகளையும் உண்டு காலம் கழிக்கிறது. ஆனால் அங்கே மார்ச் மாதம் மழை பொய்த்தால் கனி குறைகிறது. குருவிகள் மிச்சிகனுக்குத் தாமதமாக வந்து சேர்கின்றன, அவ்வாண்டு பிழைத்திருப்பவையும் குறைகின்றன.