வலது கை, கால் விழுந்தால் பேச்சும் போவது ஏன்?

பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்தே போவதைப் பார்த்துக் காரணம் கேட்டிருக்கிறீர்கள்.

பெருமூளையிலிருந்து கை, கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகளில் பெரும்பகுதி, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறிவிடுகிறது. அதனால் வலது உடம்பை இயக்குவது இடது மூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சுக்கான பகுதிகளும் அதே இடது பக்கம்தான். இரண்டுக்கும் பெருமளவு ரத்தம் கொடுக்கும் தமனி ஒன்றே. அது அடைத்தால் இரண்டும் பாதிக்கும்.

1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச முடியாத நோயாளி ஒருவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தார். இடது முன்மடல் சிதைந்திருந்தது. ஆனால் பிறர் பேசியது அவருக்குப் பெருமளவு புரிந்திருந்தது. 1874இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தது வேறு வகை: காதை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதியான இடது பொட்டு மடல் பாதித்தால் பேச்சு சரளமாக வரும், பொருள்தான் இருக்காது, கேட்பதும் சரியாகப் புரியாது.

வீட்டில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வகை நோயாளியை ‘ஒன்னும் புரியாது’ என்று நினைத்து, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது பெரிய கொடுமை. ஒரு சொல் வராத சிலருக்குப் பழகிய பாட்டின் வரிகள் முழுதாக வரும். பேச்சுப் பயிற்சியில் இதையும் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.