கிராணியார் பதில்கள்

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஹௌடன் என்ற ஏரிக்கரை ஊரில், மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறான். மருமகளுக்குப் பேறுகாலம், துணைக்கு வரச் சொல்கிறான். உங்கள் மகளும் அங்கே படித்தவர், நீங்களும் போய்த் தங்கியவர் என்று கேள்விப்பட்டேன். 'பனியும் தண்ணியும் தவிர அங்க ஒண்ணுமில்ல' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா ஐயா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. பயமுறுத்தியவர்கள் சொன்னதில் பனி மட்டும் நிஜம். கனடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று சுப்பீரியர் ஏரியைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹௌடன் பக்கத்து மேட்டில் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் விழுவதைக் கூட்டினால் ஐந்து மீட்டருக்கு மேல் வரும். ஊருக்கு வடக்கே சாலையோரமாக ஓர் உயரமான அளவுகோல் நட்டிருக்கிறார்கள். 1978-79-ல் 390.4 அங்குலம் என்று அதில் குறித்திருக்கிறது, கிட்டத்தட்ட பத்து மீட்டர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன் அல்லவா, நின்று சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஊரில் எண்ணாயிரத்துச் சொச்சம் பேர்தான். நம்ம ஊரில் சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனால் நாலு பேரைப் பார்க்கலாம், ஒரு தே தாரிக் குடிக்கலாம். அங்கே காடி ஓட்டத் தெரியாவிட்டால் மகன் வீடு திரும்பும் வரை ஜன்னல்தான். டிசம்பர் கடைசியில் எட்டரை மணிக்குமேல்தான் விடியும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். ஜூனில் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் தேதியைப் பேரப்பிள்ளையல்லவா முடிவு செய்யும்! பிப்ரவரியில் இருக்க நேர்ந்தால் மாணவர்கள் பனியில் செதுக்கும் பெரிய சிலைகளைத் தவறவிடாதீர்கள். 1922-லிருந்து நடக்கும் விழா அது.

ஹௌடனுக்கும் எதிர்க்கரை ஹான்காக்குக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறது. அதன்மேல் 1959-ல் கட்டிய பாலம், கப்பல் வந்தால் நடுப்பகுதி நேராக மேலே எழும்பும். ஒருமுறை பார்க்கலாம். வருகிறவர்களை எல்லாம் அந்தப் பாலத்துக்கும் ஏரிக்கும் கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் மகனிடம் சொல்லி, செப்புச் சுரங்கத்துக்குப் போங்கள். மகன் வேலை செய்யும் பல்கலைக்கழகமே 1885-ல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கியதுதான்.

பாலம் தாண்டினதும் மேட்டில் குயின்சி சுரங்கம். சாய்வாக 9,260 அடி கீழே இறங்கியிருக்கிறார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து கல்லை இழுத்துவர 1920-ல் வைத்த நீராவி இயந்திரம் இன்னும் அதே கட்டடத்தில் இருக்கிறது. 1945-ல் வேலை நின்றது. கம்பெனிகளே வீடு கட்டிக் கொடுத்தன, ஆஸ்பத்திரி வைத்தன, நூலகம் வைத்தன. வழிகாட்டிய பையன் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் வரிசையாக நின்ற வீடுகளையே பார்த்தேன். சம்பளம் கொடுக்கிறவனும் வீட்டுக்குச் சொந்தக்காரனும் ஒரே ஆள் என்றால் என்ன ஆகும் என்று தோட்டத்து லயவீடுகளில் பிறந்தவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

அங்கிருந்து வடக்கே காலுமெட். 1913-ல் சுரங்கத் தொழிலாளிகள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாடி மண்டபம் ஒன்றில் விருந்து. யாரோ 'தீ!' என்று கத்தினார்கள், தீ எதுவும் இல்லை. படிக்கட்டில் நெரிந்து 73 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கத்தியது யார் என்பது இன்றுவரை தீரவில்லை. மண்டபத்தை 1984-ல் இடித்துவிட்டார்கள், வாசல் வளைவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு 1941 கிள்ளான் தோட்டப் போராட்டம் ஞாபகம் வந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் நம்மவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. காலுமெட்டில் கூலி, வேலைநேரத்தோடு, இரண்டு பேர் இயக்கிய துளைக்கருவியை ஒரே ஆள் தலையில் கட்டியதும் சேர்ந்துகொண்டது.

சாப்பாட்டுக்கு பாஸ்டி கேளுங்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த பண்டம், உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு. நம்ம கறிபாப்புக்குப் பெரியண்ணன், உறைப்பு மட்டும் கிடையாது. சம்பால் போத்தல் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: அந்த சுப்பீரியர் ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா?
– ஒரு வாசகர், தைப்பிங்

பதில்: ஜூலையிலேயே கணுக்கால் விறைக்கும். உலகத்து நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் இதுதான் பெரியது, ஆழம் 406 மீட்டர் வரை போகிறது, லேசில் சூடேறாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் குதிக்கிறார்களே என்று நீங்களும் குதிக்காதீர்கள். மெக்லெய்ன் பூங்காக் கரையில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பாருங்கள், போதும்.

கேள்வி: அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை கொண்டுபோகலாமா? பேத்தி கேட்கிறாள்.
– ஒரு பாட்டி, கோல கெட்டில்

பதில்: கூடாது பாட்டி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதிலும் தங்கும் என்று தடுத்திருக்கிறார்கள். விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். இறைச்சி சேர்ந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கறித்தூள் அரைத்துக்கொண்டு போங்கள், ஆனால் உணவுப்பொருள் இருக்கிறது என்று அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பேத்தி பெரிய ஊருக்குப் போகும்போது இந்தியக் கடையில் இலை வாங்கி உறைபெட்டியில் போட்டுக்கொள்ளட்டும்.