பரிசை நிறுத்த வேண்டாம், கொடுக்கும் தேதியை மாற்றிப் பாருங்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகளுக்குத் தரும் பரிசுகளை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். அடியோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று மட்டுமே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தினால் கிறிஸ்து பிறப்பு அவர்களுக்கு ஒரு தண்டனையாகத்தான் தோன்றும். பரிசின் நாளை மட்டும் நகர்த்துங்கள். டிசம்பர் 6 புனித நிக்கோலஸ் நாள். சாண்டா கிளாஸ் கதைக்கு வேரான அவர், 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயர். இல்லையென்றால், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகளின் காணிக்கையை நினைக்கும் ஜனவரி 6. டிசம்பர் 25 அன்று ஆராதனை, விருந்து, அவ்வளவுதான்.

25-ஆம் தேதி வருவதற்குள் எல்லோருக்கும் சலித்துவிடுகிறது என்றும் சொல்கிறீர்கள். கடைகள் பல வாரம் முன்பே கொண்டாட்டத்தைத் தொடங்கி, அன்றோடு முடித்துவிடுகின்றன. திருச்சபை நாட்காட்டி நேர் எதிர்: நான்கு ஞாயிறுகள் காத்திருப்பு, பிறகு பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். வீடு கடைக்காரரின் நாட்காட்டியில் ஓடுகிறது என்றே நினைக்கிறேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்காமல், இயேசு பிறந்த கதையை வீட்டின் கடைசிப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். தொழுவத்தோடு நின்றுவிட்டால், பைபிளில் லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தை ஓர் இரவுக்குச் சில வசனங்களாக வாசியுங்கள். அப்புறம் மத்தேயு 2. ஏரோது மன்னனின் கொலைவெறி, எகிப்துக்குத் தப்பி ஓடும் குடும்பம் என்று பிள்ளைகள் விடாமல் கேட்கும் பகுதி அது. (பெரியவர்கள்தான் அதைத் தாண்டிப் போகிறோம்.)

ஒன்று: தாத்தா பாட்டி 25 அன்று பரிசோடு வந்தால் தடுக்காதீர்கள். துணைவருக்கு விசுவாசம் இல்லையென்றால், பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள்.